இல்லாத தொட்டிக்குச் சொன்ன சாட்சி

ஜெனி, சாம், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஜெனி, நீ எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாய். சாமுக்கு நீதான் படித்துக் காட்ட வேண்டும். இங்கிலீஷில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்குகிற இங்கிலீஷ். பெயர், பிறந்த தேதி, இதற்கு முன் இருந்த முகவரி. நான் செய்த தப்பை எழுத அதில் கட்டம் கிடையாது. ஊரில் மஸ்தான் மாமாவுக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். தெருவில் படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும்.

1

நாம் பிரிட்டனுக்கு, இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் நாலு மாதம் ஆகிறது. உங்கள் அம்மா நர்ஸ் வேலைக்கு விசா வாங்கினாள். நான் அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் பதினாறு வருஷம் படகுக்கு வெல்டிங் வைத்தவனுக்கு இங்கே படிவத்தில் எழுதியிருக்கிற பெயர், ‘சார்ந்து வாழ்பவர்’. இப்போது குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். அதைப் பற்றிக் குறை இல்லை.

ஐந்து வருஷம் முடிந்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம் என்றுதான் சொல்லி அழைத்து வந்தார்கள். இன்னும் எட்டே மாதம். அந்த நேரம் பார்த்து, ஐந்தைப் பத்தாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இனி வருகிறவர்களுக்குத்தான் என்று ஒரு சேனல் சொன்னது. ஏற்கெனவே வந்தவர்களுக்கும் சேர்த்து என்றது இன்னொன்று. நம் ஆட்களுடைய குரூப்பில் ஒருத்தர், நர்ஸ்களுக்குக் கிடையாது என்று எழுதினார். பத்து நிமிஷத்தில் இன்னொருத்தர், நர்ஸ்களுக்குத்தான் முதலில் என்று எழுதினார். உங்கள் அம்மா எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டுப் போய் உங்கள் இரண்டு பேர் யூனிஃபார்மையும் இஸ்திரி போட்டாள். ஏற்கெனவே போட்டு வைத்திருந்ததைத்தான் மறுபடியும் போட்டாள்.

இங்கே உள்ளாட்சித் தேர்தல், அங்கே நம் ஊரில் சட்டமன்றத் தேர்தல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம். ஒரு சனிக்கிழமை நம் வீட்டுக் கதவின் தபால் பொந்து வழியாக என் பேருக்கு ஒரு அட்டை வந்து விழுந்தது. ஓட்டுப் போட வரச்சொல்லி. இந்தியக் குடிமகனுக்கும் இங்கே ஓட்டு உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக உறைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் பக்கத்து வீட்டு கீத் வந்தார். நமக்கு வருஷா வருஷம் தக்காளி நாற்று கொடுக்கிறாரே, அவர்தான்.

“வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் ஓட்டுக் கொடுக்கிறார்களாம், போனில் பார்த்தேன். நாடு எங்கே போகிறது பார்” என்றார். அட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன்னைச் சொல்லவில்லை டோனி, நீ உழைக்கிறவன்” என்றார். அந்தோணி அவர் வாயில் டோனி.

அவர் சொன்ன செய்தி மெய். அவருக்கு அது பொய்ச் செய்தி மாதிரி பயங்கரமாக இருந்தது. தக்காளி நாற்று எப்போது நடலாம் என்று கேட்டேன்.

2

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. ஏழே முக்கால் மணி இருக்கும், நம் ஊரில் மத்தியானம் ஒன்றே கால். அம்மா டியூட்டிக்குப் போய்விட்டாள். நம் திருவொற்றியூர் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு ஆள் குந்திக்கொண்டு கட்டுக்கட்டாக அட்டைகளை எண்ணுகிறான். வடசென்னையில் ஒரு வீட்டில் வெளிமாநிலத்து ஆட்களுக்கு ஓட்டு அட்டை கொடுக்கிறார்கள், நம் ஆட்கள் பேரை எடுத்துவிட்டு அவர்கள் பேரைச் சேர்க்கிறார்கள் என்று பின்னால் ஒருத்தர் ஆவேசமாகப் பேசுகிறார்.

அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. பச்சைப் பெயிண்ட் உரிந்து, குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து. நம் தெருமுனைத் தொட்டி! சாம், உனக்கு நினைவிருக்காது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே எத்தனையோ குடம் பிடித்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் நிச்சயமில்லாமல் இருந்தது. எத்தனை வருஷம், யாருக்கு, எப்போதிருந்து என்று எதுவும் தெரியாது. அந்தத் தொட்டியை மட்டும் எனக்குத் தெரியும். அதுதான் என்னைக் கெடுத்தது.

போனை வாய்க்கு அருகில் பிடித்து வாய்ஸ் போட்டேன். “மக்களே, நான் அந்தோணி பேசறேன். இது நம்ம தெருதான், சந்தேகமே வேணாம். அந்தத் தொட்டியில தண்ணி புடிச்சவன் சொல்றேன். என் பேரையும் என் ஒய்ஃப் பேரையும் லிஸ்ட்லர்ந்து தூக்கிட்டானுங்க, ரீட்டாக்காவ கேளுங்க. எங்க வூட்டு மாடியிலயே வெளியூர் ஆளுதான் குடி கீறான். அப்பறம் என் பேரு எங்க போச்சுன்னு நீங்களே பாத்துக்குங்க.” இப்படித்தான் பேசினேன். மொத்தம் நாற்பத்தேழு வினாடி.

என் பேரை எடுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஓட்டர் லிஸ்டைச் சரிபார்க்க வீடு வீடாக வந்த அலுவலரிடம் உங்கள் ரீட்டா அத்தை, தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறான் என்று உள்ளதைச் சொன்னாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அந்த வாய்ஸ் போட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

3

கிடங்கில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நாலு மணிக்கு வெளியே வந்து பார்த்தால் அத்தையிடமிருந்து பதினொரு மிஸ்டு கால்.

“டேய் அந்தோணி, இன்னாடா வாய்ஸ் போட்டு வெச்சிகீற? இருபது பேருடா! வூட்டாண்ட வந்து நின்னுகினு உன் வாய்ஸ ஸ்பீக்கர்ல போடறானுங்க. உன் தம்பியே சொல்லிட்டான், ஆள வெளிய அனுப்புன்றானுங்க.”

“அக்கா, அடிச்சிட்டாங்களா?”

“அடிக்கல. அடிச்சா கண்டி நான் உட்டுருவனா? ஆனா அந்தாளு என்னைப் பாத்து கையெடுத்துக் கும்புட்டான்டா. அக்கா, உங்களுக்கு பேஜாரு வேணாம், நாங்க போய்க்கறோம்னு சொல்லி ஒரு குட்டியானைய கூப்ட்டு அல்லாத்தையும் ஏத்திகினு பூட்டாங்க. மினி சாப்ட்டுகினு இருந்திச்சி. தட்ட அப்டியே வெச்சிட்டு எழுந்து போச்சிடா.”

மாடியில் குடியிருந்தது யாரென்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. பிஷ்ணு, ஒடிசாக்காரர். எண்ணூர் தாண்டிக் காட்டுப்பள்ளியில் கண்டெய்னர் யார்டில் வேலை. மனைவி, ஒரு பெண். அந்தப் பெண்தான் மினி. ஒன்பதாம் வகுப்பு, நம் தெருவுக்கு அடுத்த அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். ஜெனி, உன் வயது. நாம் காலி செய்த அந்த மாடியில் மூன்று வருஷமாக இருந்தவர்கள். அத்தைக்கு ஓட்டர் லிஸ்ட் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததே மினிதான். பிஷ்ணுவின் ஓட்டு அவர் கிராமத்தில் இருக்கிறது. நம் முகவரியில் அவர் எந்தப் படிவமும் கொடுக்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

“தொட்டின்னியே, எந்தத் தொட்டிடா?” என்று கேட்டாள் அத்தை. “மழைத்தண்ணி கால்வா போட சொல்லோ அத்த இடிச்சி ரெண்டு வருஷம் ஆவுது. அந்த எடத்துல இப்ப டிரான்ஸ்பார்மர் கீது.”

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

4

மறுநாள் குரூப்பில் இன்னொரு வாய்ஸ் போட்டேன். நான் சொன்னது தப்பு, தொட்டி இடிக்கப்பட்டது எனக்குத் தெரியாது, என் பேர் எடுத்தது முறைப்படிதான், பிஷ்ணுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருத்தன், ‘அண்ணனை யாரோ மிரட்டிட்டாங்க’ என்று எழுதினான். அதற்குக் கீழே பதினைந்து பேர் கோபமான மூஞ்சி போட்டார்கள். என்னை மிரட்டியவர்கள் யாரென்று அவர்களுக்குள்ளேயே ஆராய்ச்சி. இந்தக் கட்சி என்று ஒருத்தன், அந்தக் கட்சி என்று இன்னொருத்தன். சின்ன வயதில் ஒரே அணியில் பந்து ஆடியவர்கள் இருவரும். சாயங்காலத்துக்குள் ஒருவரையொருவர் அம்மா பேர் சொல்லித் திட்டிக்கொண்டார்கள். என் மறுப்பை யாரும் முழுசாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஜெனி, அன்றைக்கு நீ, “அப்பா, ஏன் சாப்பிடவில்லை?” என்று கேட்டாய். வேலை அதிகம் என்றேன்.

5

அத்தைக்குக் கண் ஆபரேஷன், துணைக்கு நான் போக வேண்டும் என்று டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். போனது அதற்கு மட்டும் இல்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லவில்லை.

மஸ்தான் மாமாவின் ஜெராக்ஸ் கடை ஸ்டேஷன் பக்கத்தில். ஓட்டர் லிஸ்ட் படிவம் நிரப்ப வருகிற கூட்டமெல்லாம் அங்கேதான் நிற்கும். கடை ஸ்பீக்கரில் என் வாய்ஸை முதலில் போட்டதே அவன்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கட்டிப்பிடிக்கவில்லை.

“ஏன்டா, தொட்டி இல்லன்னு உனக்குத் தெரியாதா? தினம் அந்த வழியாத்தான வர?” என்றேன்.

“தெரியும் நைனா. ஆனா வீடியோவ எவன் பாத்தான்? உன் வாய்ஸத்தான கேட்டோம். இங்க ஒருத்தன் சொன்னா இந்தக் கட்சிக்காரன்றான், இன்னொருத்தன் சொன்னா துட்டு வாங்கிட்டான்றான். நீ லண்டன்ல கீற. உனக்கு இன்னா ஆதாயம், பொய் சொல்லமாட்டான்னு அல்லாரும் நம்புனோம்.”

நாம் இருக்கும் ஊர் லண்டனிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம் என்று அவனுக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது. தெருவுக்கு அது லண்டன்தான்.

அடுத்த நாள் அவன் ஸ்கூட்டரில் இருவரும், பிஷ்ணு இப்போது தங்கியிருந்த காட்டுப்பள்ளிக்குப் போனோம். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. இடையில் புகுந்து புகுந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம். மஸ்தான் வழியெல்லாம் தேர்தலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். யார்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை வரிசை. பிஷ்ணு ஷிப்ட் முடிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், என்னைவிட இளையவர். நான் யாரென்று மஸ்தான் சொன்னான்.

“வாய்ஸ் நான் கேட்டேன் அண்ணா” என்றார் அவர். நம் தெருத் தமிழ்தான், கொஞ்சம் மெதுவாக. “ரெண்டு வாட்டி கேட்டேன். நீங்க என்னிய பாத்ததே இல்ல.”

“தப்புதான். மன்னிச்சிக்குங்க. மாடி காலியாத்தான் இருக்கு. வந்துடுங்க. நான் முன்னால நிக்கறேன்.”

“எத்தினி நாளு நிப்பீங்க?”

“பன்னிரண்டு நாள் லீவு” என்றேன், அவர் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்பது புரியாமல்.

அவர் சிரிக்கவில்லை. சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். “நீங்க பூடுவீங்க. அக்கா அந்தத் தெருவுல இருக்கணும். நான் அந்தத் தெருவுல நடக்கணும். பொண்ணு ஸ்கூலுக்குப் போவணும். நீங்க நிக்கறது எனக்கு எதுக்கு அண்ணா?”

மஸ்தான் குறுக்கே, “தோஸ்து, எவனாவது வாலாட்னா என்கிட்ட சொல்லு” என்றான்.

“உங்க கடை ஸ்பீக்கருதான அண்ணா?” என்றார் பிஷ்ணு. மஸ்தான் ஸ்கூட்டர் பக்கம் நடந்தான்.

மனைவியையும் மினியையும் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டிருந்தார். அங்கே பள்ளியில் ஒடியா மீடியம். மினிக்கு ஒடியா பேச வரும், படிக்க வராது. நாலாம் வகுப்பிலிருந்து அவள் படித்ததெல்லாம் தமிழ். முழுப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எழுதாவிட்டால் ஒன்பதாம் வகுப்புப் போச்சு. அங்கே போய் எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. “டிசி வாங்கித் தர முடியுமா?” என்று மட்டும் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

6

நானும் அத்தையும் பள்ளிக்குப் போனோம். ஆபரேஷன் முடிந்த கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். தலைமையாசிரியை எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“டிசி கேக்கறீங்களே, வகுப்பில முதல் அஞ்சு பேர்ல ஒருத்தி அவ. வாய்ஸ் போட்டவர் நீங்கதானா?”

“ஆமாம் டீச்சர்.”

“பசங்க போன்ல கிளாஸ்க்குள்ளயே வந்துடுச்சு அது. அவ பக்கத்துல உக்கார்ற பொண்ணு மூணு நாள் அழுதா.” பேனாவை மூடி வைத்தார். “டிசி இப்போ தரமாட்டேன். பரீட்சை அஞ்சு நாள். வந்து எழுதட்டும். வருகைப் பதிவை நான் பாத்துக்கறேன். பாஸ் ஆனதுக்கு அப்பறம் டிசி கொடுத்தா, எந்த ஊர்லயும் பத்தாவதுல சேக்கலாம்.”

அத்தை உடனே, “என் வூட்ல தங்கட்டும் டீச்சர். என்கூட படுத்துக்கட்டும். எவன் வரான்னு நானும் பாக்கறேன்” என்றாள்.

வெளியே வந்ததும் பிஷ்ணுவுக்குப் போன் போட்டேன். கேட்டுக்கொண்டார். மினியின் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ரயில் டிக்கெட்டை நான் எடுக்கிறேன் என்றேன். வேண்டாம், வந்தால் நானே எடுப்பேன் என்றார். அதற்கப்புறம் இரண்டு தடவை பேசினேன். “சொல்றேன் அண்ணா” என்ற ஒரு வார்த்தைதான். பன்னிரண்டு நாள் முடிந்து நான் விமானம் ஏறும்வரை முடிவு வரவில்லை. விமான நிலையத்தில் உங்களுக்கு வாங்கிய கடலை மிட்டாய் பெட்டியைச் சோதனைக்காரர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை தொடங்கிய நாள் இங்கே எனக்கு விடியற்காலை ஷிப்ட். முதல் பிரேக்கில் அத்தைக்குப் பேசினேன்.

“எட்டு மணிக்கே வந்து கேட்டாண்ட குந்திகினேன்டா. டீச்சரும் ரெண்டு வாட்டி வந்து எட்டிப் பாத்துச்சி. பெல்லு அடிச்சாங்க. கேட்ட சாத்திட்டாங்க. வரல அந்தோணி.”

“நாளைக்கு வந்துருமோ?”

“நாளிக்கும் நான் வந்து குந்துவேன். ஆனா வராதுடா.”

மறுநாளும் வரவில்லை. ஐந்து நாளும் அத்தை போய் உட்கார்ந்தாள். பிஷ்ணு என் நம்பரை எடுப்பதில்லை. அது அவர் உரிமை.

இந்த நாட்டில் நமக்கு ஐந்து வருஷமா பத்து வருஷமா என்று இன்னும் தெரியாது. யாரோ ஒருத்தர் ஏதோ ஒன்றை நிச்சயமாகச் சொல்லி, நம் வீட்டு வாசலிலும் இருபது பேர் வந்து நின்றால் நாம் எங்கே போவோம் என்று அம்மா ஒரு தடவை என்னிடம் கேட்டாள். நான் போட்ட வாய்ஸைப் பற்றி அவளிடம் சொன்ன அன்றைக்குத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். இன்றைக்குத்தான் வாய்த்தது.

7

நேற்று மத்தியானம் சாப்பாட்டு பிரேக்கில், கிடங்குக்குப் பின்னால் பெட்டி வைக்கும் மரப் பலகைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குத் தனியாகப் போனேன். ஊர் முழுக்கக் கேட்ட அந்த வாய்ஸை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேசினேன், அனுப்பினேன், அவ்வளவுதான். குரூப்பில் மேலே மேலே தள்ளிப் போய்த் தேடி எடுத்து, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு போட்டேன்.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. உங்களிடமோ, அம்மாவிடமோ, கிடங்கில் சூப்பர்வைசரிடமோ ஒரு நாளும் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. நாற்பதாவது வினாடியில் நான் மூச்சு வாங்குகிறேன். அப்போது பின்னால் ஒரு கதவு திறக்கிற சத்தம். ஜெனி, நீ அந்த அறையில் இருந்தது எனக்கு நினைவே இல்லை. இங்கிலீஷில் கேட்கிறாய், தெளிவாகக் கேட்கிறது: அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?

“சும்மா இரு. ஷூவப் போடு” என்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறது.

உள்ளே போக இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டேன்.